அடுத்த வீட்டுக் கதையில் நான் யார்?

டிவி முன்னால் உட்காரும்போது யாரும் வில்லன் பக்கம் உட்காருவதில்லை. ஊரையே வட்டியால் உருவிக்கொண்டிருந்த ஒருவர், படத்தில் வந்த கந்துவட்டிக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டியதை நேரில் பார்த்திருக்கிறேன். நடிப்பில்லை, மனசார வந்த கோபம். திரையில் தெரிவது தன் சாயல் என்று அவருக்குக் கடைசிவரை உறைக்கவே இல்லை. அவரை மட்டும் சொல்லி என்ன? நம் எல்லோருக்கும் அந்தக் கண் கொஞ்சம் மங்கல்தான். என் கதையில் நான் நாயகி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அடுத்த வீட்டுக் கதையில் நான் யார் என்பதுதான் தெரியவில்லை.

இந்தக் கேள்வியை எனக்குள் முதலில் போட்டது சக்திமான். 1997 செப்டம்பரில் தூர்தர்ஷனில் தொடங்கி 2005 வரை ஓடிய தொடர் அது. பி.ஆர். சோப்ராவின் மகாபாரதத்தில் பீஷ்மராக வந்த முகேஷ் கன்னாதான் சக்திமான். பத்திரிகை ஆபீஸில் பெரிய கண்ணாடியும் துருத்திய பல்லுமாக அசடு வழியும் போட்டோக்காரர் கங்காதரும் அவரே. மும்பைத் தாராவியில் 90 அடி ரோட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் சந்தில் டிவி இருந்த கோலிகள், அதாவது ஒற்றை அறை வீடுகள், குறைவு. ஞாயிற்றுக்கிழமை நண்பகல் அந்த வாசல்களில் செருப்பு குவிந்து கிடக்கும். தொடர் முடிந்த கையோடு வெளியே விளையாட்டு தொடங்கிவிடும்.

சக்திமானாக நிற்க ஆளுக்குப் பஞ்சமில்லை. ஒரு கையை மேலே தூக்கிக் கிறுகிறுவென்று சுற்றத் தெரிந்த எவனும் சக்திமான்தான். மார்பில் ஒட்டிக்கொள்ள சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாள் போதும். பஞ்சமெல்லாம் தம்ராஜ் கில்விஷுக்குத்தான். இருளே நிலைக்க வேண்டும் என்று முழங்கும் அந்தப் பெரிய வில்லனாக நிற்க ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள். கடைசியில் அந்த வேஷம் யார் தலையில் விழும் தெரியுமா? சந்துக்குப் புதிதாக வந்த பையன் தலையில். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அந்த மாதம்தான் வந்திருப்பான். பாதிப் பிள்ளைகள் மராத்தி, உருது பேசும் வீட்டுப் பிள்ளைகள் என்பதால் விளையாட்டு மொழி இந்தி. அவனுக்கு இந்தி வராது. "ஏலே, நீதாம்ல கில்விஷு" என்று பெரிய பையன் ஒருவன் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. எட்டுச் சக்திமான்கள் சேர்ந்து ஒரு கில்விஷை அடிப்பார்கள்.

பெண்பிள்ளைகளுக்கு ஒரே வேஷம், நிருபர் கீதா விஸ்வாஸ். ஆபத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும், கத்த வேண்டும், சக்திமான் வந்ததும் கண்ணை அகல விரிக்க வேண்டும். அதை நான் நன்றாகவே செய்தேன். அந்த வேஷத்தில் ஒரு வசதி இருந்தது. தூணோரமாகக் கட்டப்பட்டு நிற்பவளுக்கு வேறு வேலை கிடையாது. மொத்த விளையாட்டையும் பார்க்கலாம். வில்லனை யாரும் அவன் குணத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை, மறுத்துப் பேச முடியாதவன் எவனோ அவன்தான் வில்லன் என்பது எனக்கு அங்கிருந்துதான் தெரிந்தது.

*

சக்திமானின் கதையமைப்பு எளிமையானது. பஞ்சபூத சக்தியும் யோக சாதனையும் கொண்டு ரிஷிகள் அவனை உருவாக்கினார்கள். எதிரில் கில்விஷ், அவனுக்குக் கீழே பைத்தியக்கார விஞ்ஞானி டாக்டர் ஜாக்கால். பேச்சுக்குப் பேச்சு 'பவர்' என்று சொல்லிச் சிரிக்கும் ஜாக்காலைத்தான் எங்கள் தலைமுறைக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. லலித் பரிமூ அந்தப் பாத்திரத்தை அப்படி ரசித்துச் செய்திருந்தார். நாயகன் செய்யப்போவது முன்கூட்டியே தெரிந்ததுதான்: வருவான், சுற்றுவான், காப்பாற்றுவான். அடுத்து என்ன என்ற ஆவலைக் கிளப்புகிறவன் வில்லன். அவன் ஒரு திட்டம் போட்டால்தான் அந்த வாரம் நாயகனுக்கு வேலை.

இந்த இருவருக்கும் நடுவில் ஒரு கூட்டம் உண்டு: ஊர் மக்கள். சந்தையில் ஓடுவார்கள், இடிபாட்டில் சிக்குவார்கள், கடைசியில் கைதட்டுவார்கள். அவர்களில் ஒருவர்கூட பக்கத்தில் விழுந்தவரைக் கைகொடுத்துத் தூக்கியதாக எனக்கு நினைவில்லை. தூக்குவதற்குத்தான் ஒருவன் வருகிறானே! தொடர் புகழ் பெற்ற காலத்தில், சக்திமான் வந்து காப்பாற்றுவான் என்று நம்பிக் குழந்தைகள் தங்களை ஆபத்துக்கு உள்ளாக்கிக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. அப்படிச் செய்யாதீர்கள் என்று முகேஷ் கன்னாவே திரையில் தோன்றிப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியதாயிற்று. எபிசோடின் முடிவில், தவறு செய்த பிள்ளை சக்திமானிடம் மன்னிப்புக் கேட்கும் பகுதி ஒன்றும் வரும். மன்னிப்பு கேட்பதுகூட அம்மாவிடமோ அடிபட்ட நண்பனிடமோ இல்லை, நாயகனிடம்தான். கருணையானாலும் நியாயமானாலும் எல்லாம் ஒரே ஆள் கணக்கில்.

இதற்கு நேர் எதிராக இன்னொரு தொடர் இதே நகரத்தில் நடந்துகொண்டிருந்தது. 1998 ஜனவரியில் சோனி டிவியில் தொடங்கிய சிஐடி. 2018 வரை 20 ஆண்டு, 1,500 எபிசோடுகளுக்கு மேல். 2024 டிசம்பரில் மறுபடியும் வந்தது. அங்கே பறக்கிறவர் யாரும் இல்லை. ஏசிபி பிரத்யுமனாக வந்த சிவாஜி சாட்டம் நடிப்புக்கு வருமுன் வங்கியில் வேலை பார்த்தவர். கதவை உடைக்கத் தயா, துப்பறிய அபிஜீத், பிணத்தைப் பார்த்து ஏசிபியோடு மல்லுக்கட்ட டாக்டர் சாலுங்கே, சிரிக்க வைக்க ஃபிரெட்ரிக்ஸ். ஒருவர் இல்லாவிட்டால் அடுத்தவர் வேலை நகராது. சொல்லப்போனால் துணைப் பாத்திரங்களை மட்டுமே வைத்து ஓடிய தொடர் அது. ஃபிரெட்ரிக்ஸாக நடித்த தினேஷ் பட்னிஸ் 2023 டிசம்பரில் இறந்தபோது, நாயகன் ஒருவரை இழந்ததுபோல் வீடு வீடாகப் பேசிக்கொண்டார்கள். அவர் திரையில் துப்பாக்கியால் சாதித்தது என்ன என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் அவர் வந்தால் அறையின் இறுக்கம் தளரும். அதுவும் ஒரு வேலைதான், பெரிய வேலை.

சிஐடியில் நான் விடாமல் பார்த்தது கடைசி ஐந்து நிமிடத்தை. வில்லன் வாராவாரம் மாறுவான், பெயர்கூட மனதில் நிற்காது. பிடிபட்டவுடன் பேசத் தொடங்குவான். காட்சி பின்னோக்கிப் போகும். அண்ணன் சொத்தில் ஏமாற்றியிருப்பார், முதலாளி அவமானப்படுத்தியிருப்பார், காதலித்தவள் சிரித்திருப்பாள். தயா ஒரு அறை விடுவார், தூக்குதான் என்பார் ஏசிபி, முடிந்தது. ஒரு மனிதனுக்குக் கைவிலங்கு மாட்டிய பிறகுதான் அவன் கதையைக் கேட்க இரண்டு நிமிடம் ஒதுக்குகிறோம். கொலைக்கு முன்னால் அந்த இரண்டு நிமிடத்தை யாராவது அவனுக்குக் கொடுத்திருந்தால் அந்த வாரம் எபிசோடே இருந்திருக்காது என்று அம்மாவிடம் சொன்னேன். "அப்ப இவுகளுக்கு யாரு சம்பளம் கொடுப்பா?" என்றாள் அம்மா, அரிசி புடைத்தபடி.

*

இன்று நான் இருப்பது செம்பூரில். முகமூடி போட்ட நாயகர்களுக்கும் இந்தப் பகுதிக்கும் பழைய தொடர்பு உண்டு. 1935-இல் வந்த 'ஹண்டர்வாலி'யில் முகமூடியும் சவுக்குமாகக் குதிரையில் வந்து அநியாயக்காரர்களை வெளுத்தவர் நாடியா. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்த மேரி ஈவான்ஸ். அவரை வைத்துப் படமெடுத்த ஹோமி வாடியாவின் பசந்த் ஸ்டூடியோ பிறகு செம்பூரில்தான் நடந்தது. நாடியா படங்களில் குதிரைக்கும் தனிப் பெயர் உண்டு: பஞ்சாப் கா பேட்டா, பஞ்சாபின் பிள்ளை. குதிரையைத் துணைப் பாத்திரமாக மதித்துப் பெயர் வைத்த அந்த நாள் ஆட்களை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. பெயர் இருந்தால்தானே அடிபடும்போது பார்க்கிறவருக்கு வலிக்கும்? பெயரில்லாத அடியாள் நூறு பேர் மாடியிலிருந்து விழுந்தாலும் நாம் பாப்கார்னை நிறுத்துவதில்லை.

மும்பைத் தமிழர்களான எங்களுக்கு இந்த நகரம் எல்லா வேஷத்தையும் கொடுத்துப் பார்த்திருக்கிறது. 1966 ஜூனில் சிவசேனா தொடங்கியபோது எழுதப்பட்ட கதையில் நாங்கள்தான் வில்லன்கள். வேலையைப் பறிக்க வந்த மதராசிகள். 'மார்மிக்' வார இதழில் ஆபீஸ் வாரியாகத் தென்னிந்தியப் பெயர்களைப் பட்டியல் போட்டார்கள். உடுப்பி ஓட்டல்கள் மீது கல் விழுந்தது. மாதுங்காவில் டைப்பிஸ்டாகவும் ஸ்டெனோவாகவும் இருந்தவர்கள், தாங்கள் எப்போது யாருக்கு என்ன கெடுதல் செய்தோம் என்று புரியாமல் வாயை மூடிக்கொண்டு லோக்கல் ரயிலில் போய் வந்தார்கள். அதே நேரத்தில் திரையில் என்ன வேஷம்? 1968-இல் 'படோசன்' வந்தது. குடுமியும் தமிழ் வாடை அடிக்கும் இந்தியுமாக மெஹ்மூத் நடித்த பிள்ளை என்ற பாட்டு வாத்தியாரைப் பார்த்து நாடே சிரித்தது. எங்கள் ஆட்களும் சிரித்தார்கள், மெஹ்மூத் அத்தனை நன்றாகச் செய்திருந்தார். தெருவில் வில்லன், திரையில் கோமாளி. இரண்டையும் எழுதியவர்கள் நாங்கள் இல்லை.

நாங்கள் எழுதிக்கொண்ட கதைக்கு நாயகனாகக் கிடைத்தவர் வரதராஜ முதலியார். விக்டோரியா டெர்மினஸில் மூட்டை தூக்கிய மனிதர், மதுவிலக்கு இருந்த நகரத்தில் கள்ளச்சாராயத்தால் வளர்ந்தார். தாராவியிலும் மாதுங்காவிலும் அவர் வைத்ததுதான் சட்டம் என்றிருந்த காலம் உண்டு. மாதுங்கா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அவர் போட்ட விநாயகர் சதுர்த்திப் பந்தலைப் பற்றி இன்றைக்கும் பெரியவர்கள் கண் மின்னச் சொல்வார்கள். 80-களில் போலீஸ் அதிகாரி ஒய்.சி. பவார் அவருடைய ஆட்டத்தை அடக்கினார். வரதராஜன் சென்னைக்குப் போனார், 1988 ஜனவரியில் இறந்தார். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கதையில் பவார் வில்லன். மும்பைப் போலீஸ் கதையில் பவார் நாயகன். மூன்றாவதாக ஒரு கதை இருக்கிறது, அதை யாரும் படமாக எடுக்கவில்லை: அந்தச் சாராயத்தைக் குடித்துவிட்டு வந்த புருஷனிடம் அடி வாங்கிய பெண்ணின் கதை. பந்தலில் பிரசாதம் வாங்கியவளும் அவள்தான். அவளைப் பொறுத்தவரை வரதாபாய் யார்? ரேஷன் கார்டு வாங்கித் தந்தவரும் அவர், புருஷனைக் கெடுத்தவரும் அவர்.

அவர் உயிரோடிருந்தபோதே, 1987 தீபாவளிக்கு, அவர் வாழ்க்கையின் சாயலில் மணிரத்னத்தின் 'நாயகன்' வந்துவிட்டது. அந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் பேரன் கேட்கும் கேள்வியைச் சொல்வார்கள். தாத்தா நல்லவரா கெட்டவரா என்று குழந்தை கேட்க, அவருக்கே பதில் தெரியாமல் போகும் இடம். எனக்கென்னவோ அந்தக் கேள்வியைவிட அதைச் சுற்றி நிற்கும் ஆட்கள் முக்கியமாகத் தெரிகிறார்கள். படத்தின் நாயகன் வேலு நாயக்கருக்கு இந்தி வராது. அவர் பேச்சை இந்திக்காரனிடம் கொண்டுசேர்ப்பவர் டெல்லி கணேஷ் நடித்த ஐயர். ஊரே நடுங்கும் ஒரு மனிதரின் குரல் இன்னொருவர் தொண்டை வழியாகத்தான் போகிறது. எதிர்த்துக் கேட்கிறவள் மகள் சாருமதி. இந்த நியாயம் உங்கள் நியாயம்தானே என்ற பொருளில் அவள் நிறுத்தும் இடத்தில்தான், சுற்றி நிற்பவர்களில் அவரை நிறுத்தக்கூடியவர் வேறு யாரும் இல்லை என்பது நமக்கு உறைக்கிறது. செல்வம் தோழன்தான், உயிரைக் கொடுப்பான். வேண்டாம் என்று சொல்ல மாட்டான். சாருமதி சொன்னாள், வீட்டைவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வேலுவிடம் இருந்தவர்கள் எல்லோரும் ஆமாம் சொல்கிறவர்கள்.

கடைசியில் வேலுவைக் கொல்கிறவன் யார்? எதிர் கோஷ்டி இல்லை, போலீஸ் இல்லை. முன்பு வேலு கொன்ற இன்ஸ்பெக்டர் கேல்கரின் மகன், மனவளர்ச்சி குன்றிய அஜித். அவனையும் அவன் அம்மாவையும் வேலுவே வருஷக்கணக்கில் ஆதரித்து வந்திருப்பார். படம் முழுக்க ஓரமாக நின்ற ஒருவன். வேலுவின் கதையில் அவன், தான் செய்த தர்மத்துக்குச் சாட்சி. அஜித்தின் கதையில் வேலு, அப்பாவைக் கொன்றவன். சாட்சிகள் கலைந்து விடுதலையாகி நீதிமன்றத்தைவிட்டு வெளியே வரும் நாயகனை, இன்னொருவன் கதை சுட்டுத் தள்ளுகிறது.

2018 ஜூனில் வந்த 'காலா' தாராவியை வைத்து இந்த நாயகன், வில்லன் கணக்கை வேறு மாதிரி அணுகியது. அங்கே பா. ரஞ்சித் கேமராவைத் திருப்பி வைத்தார். வெள்ளை உடுப்பு, சுத்தமான நகரம் என்ற முழக்கம், பூஜை புனஸ்காரம் எல்லாம் நானா படேகர் நடித்த ஹரி தாதா பக்கம். கறுப்பும் சேறும் இரைச்சலும் ரஜினி நடித்த காலா என்ற கரிகாலன் பக்கம். காலாவின் மேசையில் புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' இருக்கும். ராவணனை நாயகனாக வைத்து 1946-இல் வந்த நூல் அது. அரசு தடை செய்து, 1971-இல் தடை நீங்கியது. ஒரு கதையின் வில்லனை நாயகனாக்கிப் பார்க்க ஒரு புலவர் எழுதுகிறார், அதற்கு அரசாங்கமே பயப்படுகிறது என்றால், யார் நாயகன் என்று தீர்மானிக்கிற உரிமை எத்தனை பெரிய சொத்து என்று யோசித்துப் பாருங்கள். இன்றைக்குத் தாராவி மறுசீரமைப்புக்காகக் காட்டப்படும் வரைபடப் படங்களைப் பார்க்கிறேன். கோபுரக் கட்டடம், மரம், நடைபாதை. நடைபாதையில் முகமில்லாத மனித உருவங்கள். தாராவிக்காரருக்கு அந்தக் கதையில் கிடைத்த வேஷம் அது.

*

பெரிய மனிதர்களின் கதையை விட்டு எங்கள் தாராவிச் சந்தின் வரிசைக்கு வருகிறேன். அங்கே ஒரு ஆச்சி இருந்தார். வரிசையில் இருந்த கோலிகளில் பெரும்பாலும் ஆண், பெண் இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். எல்லார் வீட்டுச் சாவியும் ஆச்சியிடம். கதவுக்குப் பின்னால் ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணி. எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் சாவிகளுக்கு அடையாளம் வைத்திருந்தார்: ஒன்றில் சிவப்புக் கம்பளி நூல், ஒன்றில் ஊக்கு, ஒன்றில் உடைந்த வளையல் துண்டு, எங்கள் வீட்டுச் சாவியில் ஒரு நீல ரிப்பன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆச்சி வாசலில்தான் நிற்போம். சாவியைக் கொடுக்கும்முன் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால் சாவி கிடைக்காது, அங்கேயே ஒரு பாயும் கஞ்சியும் கிடைக்கும். சாயங்காலம் அம்மா வந்து அழைத்துப் போவாள். எனக்கு அந்தக் கை இன்னும் நினைவிருக்கிறது, மாவு புளித்த வாசனையோடு. ஆச்சி வீட்டில் இட்லி வியாபாரம். விடிவதற்கு முன்னே அடுக்குப் பாத்திரங்களோடு பிள்ளைகள் நகரத்துக்குள் கிளம்பிப் போவார்கள்.

ஆச்சி ஊருக்கே திரும்பிப் போனபோது எங்கள் வரிசை என்னவோபோல் ஆகிவிட்டது. வீட்டுக்கு வீடு இரண்டாவது சாவி செய்து பிள்ளைகள் கழுத்தில் தொங்கவிட்டார்கள். அவரைப் பற்றி எப்போதாவது எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன். எழுதியிருந்தால் உருகி உருகி எழுதியிருப்பேன்.

சில வருடங்களுக்குப் பிறகு செம்பூர் மார்க்கெட்டில், எங்கள் வரிசையின் கடைசிக் கோலியில் இருந்த அக்காவைப் பார்த்தேன். பேச்சு பழைய சந்துக்குப் போனது, ஆச்சிக்கும் வந்தது. அக்கா முகம் மாறிவிட்டது. மத்தியான நேரத்தில் அவர்கள் வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்று அவருடைய அப்பாவிடம் சொன்னது ஆச்சிதான். மறு மாதமே கோவில்பட்டிப் பக்கம் ஒரு மாப்பிள்ளை பார்த்து முடித்துவிட்டார்கள். படிப்பு அதோடு சரி. அக்கா கொத்தமல்லிக் கட்டைப் பிரித்துப் பார்த்தபடி சொன்னார்: "சாவி வச்சிருந்தவ சாவிய மட்டும் வச்சிருக்கணும்."

அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? என் நெற்றியில் வைத்த கை உண்மை. அக்காவின் படிப்பை நிறுத்திய வாய் உண்மை. ஒன்றைக் கொண்டு மற்றதைக் கழித்துவிட முடியாது. ஆச்சியிடம் போய்க் கேட்டிருந்தால், பெண் பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றியதாகத்தான் நிச்சயம் சொல்லியிருப்பார். அவர் கதையில் அது அவருடைய நாயகக் காரியம். அத்தனை வீட்டுக்கும் துணையாக நின்றவர் ஒரு வீட்டுக்கு வில்லி, அந்த ஒரு வீட்டுக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த தெளிவு ஒன்று உண்டு. மனிதர்களை நல்லவர், கெட்டவர் என்று பிரிக்கிற வேலை முடியாத வேலை. அதைவிடப் பயனுள்ள கேள்வி: அடுத்தவர் வாழ்க்கையின் சாவி நம் கைக்கு வரும்போது அதை எதற்குப் பயன்படுத்துகிறோம்? சம்பள உயர்வுக்குப் பரிந்துரை எழுதும் மேலாளர், பெண் பார்க்க வந்தவர்களிடம் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறவர், வாடகைக்கு வீடு கேட்டு வந்தவரின் பெயரைக் கேட்டதும் சொசைட்டி விதியைத் தேடுகிறவர், எல்லோர் கையிலும் ஒரு சாவி இருக்கிறது. அவர்கள் தினசரியில் அது ஒரு நிமிட வேலை. எதிராளிக்கு அது கதையின் திருப்புமுனை. வில்லத்தனத்தில் பெரும்பகுதி இப்படிப் போகிற போக்கில், நல்ல எண்ணத்தோடு, சாப்பாட்டு வேளைக்கு முன் நடந்து முடிந்துவிடுகிறது. அதற்குக் கில்விஷின் இருட்டுக் குகையும் இடிச் சிரிப்பும் தேவைப்படுவதில்லை.

துணைப் பாத்திரமாக நன்றாக வாழ்ந்து காட்டியவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நடந்த கலவரத்தில் மும்பையில் 900 பேர் இறந்ததாக ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் கணக்கிட்டது. தாராவியும் எரிந்தது. அந்த நாட்களில் எவன் யாருக்கு வில்லன் என்பதை ஒரு பெயரே தீர்மானித்தது. அதன் பிறகு தாராவியில் பாவ் கோர்டே, வகார் கான் என்ற இரண்டு நண்பர்கள் மொஹல்லா கமிட்டி, அதாவது அக்கம்பக்க அமைதிக் குழு, வேலையில் இறங்கினார்கள். ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். செம்பூரை அடுத்த தேவ்னாரில் இருக்கும் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் அஞ்சலி மொன்டைரோவும் கே.பி. ஜெயசங்கரும் 2003-இல் இவர்களைப் பற்றி 'நாதா' என்ற ஆவணப்படம் எடுத்தார்கள். அதில் சண்டைக்காட்சி கிடையாது. இவர்கள் யாரையும் தோற்கடிக்கவில்லை. வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள், உட்கார வைத்தார்கள், நான்கு மதத்துப் பிள்ளைகளை நிறுத்தி நாம் எல்லாரும் ஒன்று என்று ஒரு போஸ்டர் அடித்தார்கள். சினிமாக்காரர் கேட்டால் இதில் கதையே இல்லை என்பார். அடுத்த கலவரம் நடக்காமல் இருக்கச் செய்யும் வேலை அப்படித்தான், நடக்காத ஒன்றைப் படம்பிடிக்க முடியாது. நாயகனுக்கு வில்லன் தேவை. இவர்களுக்கு வில்லன் தேவைப்படவில்லை, அண்டை வீட்டார் போதும்.

சக்திமான் பார்த்து வளர்ந்த நாங்கள் இப்போது பிள்ளை பெற்றவர்கள். எங்கள் பிள்ளைகளுக்குப் போனிலேயே நூறு சூப்பர் ஹீரோக்கள் கிடைக்கிறார்கள், சிலர் வில்லன் பக்கத்துக் கதையையும் சொல்கிறார்கள், நல்லதுதான். பள்ளியில், ஆபீஸில், மேடையில் எல்லா இடத்திலும் உன் வாழ்க்கைக்கு நீயே நாயகன் என்று சொல்லித் தருகிறார்கள். அதைச் சொல்லித்தர யாரும் தேவையில்லை, அது தானாக வந்துவிடும். சொல்லித்தர வேண்டியது மற்றது. நீ ஒரே நேரத்தில் ஐம்பது பேர் கதையில் நடமாடிக்கொண்டிருக்கிறாய். பெரும்பாலான கதைகளில் உனக்கு இரண்டு காட்சிதான். அந்த இரண்டு காட்சியில் நீ என்ன செய்தாய் என்பதுதான் அவர்களுக்கு நீ.

வேலு நாயக்கருக்கு வாய்த்த சாருமதி மாதிரி, நில் என்று சொல்லக்கூடிய ஒருவரை வீட்டைவிட்டுப் போகவிடாமல் வைத்துக்கொள்வது முதல் வேலை. யாருடைய கதையில் நாம் ஓரமாக நிற்கிறோமோ அவர் தப்பான திசையில் போகும்போது வாய் திறப்பது இரண்டாவது வேலை. விசுவாசம் என்ற பெயரில் ஆமாம் போடுகிறவன் நாயகனைச் சீக்கிரமே வில்லனாக்கிவிடுவான். இவை இரண்டும் கடினம். மூன்றாவது எளிது, ஆனாலும் நாம் செய்வதில்லை: கேட்பது. உங்கள் கதையில் நீங்கள் யார் என்று உங்களைக் கேட்டுப் பயனில்லை. உங்களோடு பத்து வருடம் வேலை பார்த்தவரை, வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற பாயியை, பேசாமல் இருக்கும் தங்கையைக் கேளுங்கள். பதில் இனிப்பாக இருக்காது. ஆனால் அவர்கள் சொல்வதை அவர்களுக்குக் கைவிலங்கு மாட்டும் நாள் வரை காத்திருந்து கேட்பதைவிட, இன்றைக்குக் கேட்பது மேல்.